சிறகும் வாலும்

கடையநல்லூருக்கு விமானம் புதிய பொருளன்று. தறிக்குழியை விட்டெழுந்து கப்பலேறிச் சிங்கப்பூர் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வானூர்தியில் வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள், வருகிறார்கள். திருவனந்தபுரத்து விமான நிலையத்திலே கண்ணீரோடு வழியனுப்பிவிட்டுச் செங்கோட்டைக் கணவாய் வழியே திரும்பும் குடும்பம் எங்கள் ஊரில் எந்தத் தெருவிலும் உண்டு. விமானம் எங்களுக்குப் பிரிவும் பிழைப்பும் சேர்ந்த ஒரு வாகனம், அவ்வளவே. அதை ஒரு மனிதன் தன் கையால் கட்டலாம், கட்டிப் பறக்க முயலலாம், முயன்று மடியலாம் என்னும் பேச்சு எங்கள் தெருவில் எழுந்தது 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில்தான்.

மராட்டிய மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் புல்சாவங்கி என்றொரு சிற்றூர். அங்கே ஏழை முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த 24 வயது இளைஞர் ஒருவர், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பற்றவைப்பு வேலை கற்றவர், இரும்பு அலமாரியும் காற்றுக் குளிர்விப்பானும் செய்து கொடுத்து வாழ்ந்தவர், ஹெலிகாப்டர் ஒன்றைத் தாமே கட்டத் துணிந்தார். அவருடைய பெயரை ஈண்டு எழுதாமல் விடுகிறேன். இறந்தவரை வைத்து வாதம் செய்யப் போகிறோம், பெயராவது அமைதியாக இருக்கட்டும். பழைய மாருதி 800 காரின் எஞ்சினைப் பொருத்தினார். பாடநூலோ ஆசானோ இல்லை. கைப்பேசியில் கண்ட காட்சிகளே அவருக்குக் கல்லூரி. சுதந்திர தினத்தன்று ஊரார் முன் காட்டிவிட வேண்டுமென்பது ஆசை. அதற்குச் சில நாள் முன்னர், ஓரிரவு, தரையில் நிறுத்தி எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். வாற்புறத்துச் சிறு விசிறி முறிந்து பறந்து, தலைமேற் சுழன்று கொண்டிருந்த பெரிய விசிறியில் மோதியது. அந்தப் பெரிய விசிறி அவர் அமர்ந்திருந்த கூண்டுக்குள் இறங்கிற்று. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் உயிர் நிற்கவில்லை.

அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் தெருத் திண்ணையில் சிலர் கூடுவது வழக்கம். ஒருவருடைய கைப்பேசியில் அந்தச் செய்தி வந்தது. நாற்பது ஆண்டுக் காலம் கைலி நெய்து, இப்போது கண் மங்கித் தறியை விட்டுவிட்ட பெரியவர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "தெரிஞ்சே போய் அழிவுல விழுறது ஆகாதுன்னு குர்ஆன்லயே இருக்கே தம்பி. உசிரு நம்ம சொத்தா?" என்றார். அங்கிருந்த இளைஞர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. இப்படிச் சிலர் செத்திராவிட்டால் இன்று சவூதிக்கு விமானம் ஏது என்று அவர் கேட்டார். அந்த மனிதர் விஞ்ஞானத்தின் ஷஹீது என்றே சொல்லிவிட்டார். பேச்சு சூடேறி, மஃரிப் பாங்கொலி கேட்டபின்னரே தணிந்தது.

அன்று நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. இரண்டு தீர்ப்பும் எனக்கு உடன்பாடாகவில்லை என்பதே காரணம். பெரியவரின் சொல்லை ஏற்றால் கடலில் வலை வீசும் காயல்பட்டினத்தானும், கிணறு வெட்டும் கூலியாளும் குற்றவாளிகளாவார்கள். இளைஞரின் சொல்லை ஏற்றாலோ, செத்தவனெல்லாம் மேதை என்றாகிவிடும். உயிரை ஒரு முயற்சியில் வைக்கும் மனிதன் யாருக்கு என்ன கடன்பட்டவன், அவனைச் சுற்றியிருப்பவர்கள் அவனுக்கு என்ன கடன்பட்டவர்கள் என்று கணக்குப் பார்த்தாலல்லவா வழக்குத் தீரும்? அந்தக் கணக்கைப் பல நாள் மனத்தில் போட்டுப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

தாமே செய்த சிறகோடு விழுந்தவர்களின் வரலாற்றில் முதல் ஏடுகளிலேயே நம்மவர் பெயர் இருக்கிறது. அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், ஸ்பெயின் நாட்டு ரோந்தாப் பகுதியில் பிறந்து குர்துபா நகரில் உமையா அமீர்களின் அவையில் வாழ்ந்தவர், கவிஞர், வானநூல் வல்லவர். கல்லிலிருந்து கண்ணாடி செய்யும் முறையை அந்நாட்டில் கண்டவர் என்றும், நீர்க்கடிகாரம் அமைத்தவர் என்றும், தம் வீட்டு அறையொன்றில் விண்மீனும் மேகமும் மின்னலும் தோன்றும்படி வானத்தையே சமைத்துக் காட்டியவர் என்றும் சொல்வர். கி.பி. 875-ஆம் ஆண்டு வாக்கில், முதுமை எய்திய பின்னர், உடலில் இறகுகளைப் போர்த்து இரு சிறகுகளைக் கட்டிக்கொண்டு உயரமான இடத்திலிருந்து காற்றில் பாய்ந்தார். சற்றுத் தொலைவு பறந்தார். இறங்கும்போது விழுந்து முதுகிலே பலத்த அடிபட்டார்.

இதை விரிவாக நமக்குச் சொல்பவர் பதினேழாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் அல்-மக்கரீ. இடையில் எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம் மேடைப் பேச்சாளர்கள் சிலர் இப்னு ஃபிர்னாஸை இன்றைய ஜெட் விமானத்துக்கே தந்தையாக்கிவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதையன்று. ஆயினும் அவர் காலத்திலேயே வாழ்ந்த முஃமின் இப்னு ஸயீத் என்னும் கவிஞர் அவருடைய பறத்தலைக் குறித்துப் பாடிய பாட்டு ஒன்று உண்டு. இந்தக் கவிஞர் அவருடைய முயற்சிகளைக் கேலி செய்வதில் பேர்போனவர். போட்டிக் கவிஞனின் வாயிலிருந்து வரும் சான்றுக்குத் தனி வலிமை உண்டல்லவா?

அல்-மக்கரீயின் குறிப்பில் என் மனத்தைப் பிடித்தது பறந்ததைப் பற்றிய பகுதியன்று. விழுந்ததற்கு அங்கே ஒரு காரணம் கூறப்பட்டிருக்கிறது. பறவை இறங்கும்போது தன் வாலைக் கொண்டே இறங்குகிறது; அவர் தமக்கு வால் அமைத்துக்கொள்ளவில்லை; அதை அறியாமற் போனார் என்பதே அக்காரணம். பறவை எழுவதைப் பலமுறை உற்றுநோக்கிய அந்தப் பேரறிஞர், அது கிளையில் வந்து அமரும் கணத்தை அவ்வளவாக நோக்காமல் விட்டார் போலும். நம் வீட்டு முற்றத்தில் இறங்கும் புறாவைப் பாருங்கள். இறங்குமுன் வாலை விசிறியாக விரிக்கும், உடல் நிமிரும், வேகம் சாகும், அதன் பிறகே கால் தரையைத் தொடும்.

விழுந்த பின்னரும் இப்னு ஃபிர்னாஸ் வாழ்ந்தார். 887-ஆம் ஆண்டில் மறைந்தார் என்பதால், ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள். அந்தக் காலத்தில் அவரிடம் யாரேனும் வந்து, "வால் எப்படி இருந்திருக்க வேண்டும்?" என்று கேட்டார்களா? கேட்டதாக ஒரு குறிப்பும் என் கண்ணில் படவில்லை. கேலிப் பாட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒரு மாணவன் கிடைக்கவில்லை. 1976-ஆம் ஆண்டில் சந்திரனில் உள்ள ஒரு பெருங்குழிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பிற்காலத்தில் குர்துபாவில் ஒரு பாலத்துக்கும் அவர் பெயர் வைத்தார்கள். சரிதான்.

இரண்டாமவர் கதை இன்னும் துயரமானது. மதரஸாக்களில் அரபு மொழி கற்றவர்கள் 'ஸிஹாஹ்' என்னும் அகராதியை அறிவார்கள். சொல்லின் இறுதி எழுத்தைக் கொண்டு வரிசைப்படுத்தி, சுமார் நாற்பதாயிரம் சொற்களுக்குப் பொருள் கூறும் பெருநூல். அதை ஆக்கியவர் ஃபாராப் நகரத்தவரான இஸ்மாயீல் இப்னு ஹம்மாத் அல்-ஜவ்ஹரீ. தூய அரபுச் சொல்லைத் தேடிப் பாலைநிலத்துக் குலத்தாரிடையே சென்று தங்கியவர். பின்னர் நைஸாபூரில் ஆசிரியராக அமர்ந்தவர். கி.பி. 1000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒருநாள், மரத்தாலான இரு சிறகுகளைக் கட்டிக்கொண்டு அந்நகரத்துப் பள்ளிவாசற் கூரைமீது ஏறி, இதுவரை எவரும் செய்யாத ஒன்றைச் செய்யப் போவதாக மக்களிடம் அறிவித்துவிட்டுப் பாய்ந்தார். விழுந்தார், மடிந்தார். அப்போது அவர் சித்தம் கலங்கியிருந்தது என்று எழுதியோரும் உண்டு.

அகராதியின் நிலை என்ன ஆயிற்று? அரபு எழுத்துகள் இருபத்தெட்டில் பதினைந்தாவதான 'ளாத்' வரைக்குமே அவர் செப்பம் செய்து முடித்திருந்தார். எஞ்சிய பாதி, வரைவுத் தாள்களாகக் கிடந்தது. மாணவர் ஒருவர் ஆசான் மறைந்த பின் அவற்றைப் படியெடுத்து முடித்தார். ஆனால் பல இடங்களில் பிழைபட எழுதிவிட்டார் என்று யாகூத் முதலிய பழைய ஆசிரியர்களே குறித்திருக்கிறார்கள். பிற்காலத்து மொழியறிஞர்கள் அந்தப் பிழைகளைக் களைவதற்கென்றே உழைக்க நேர்ந்தது.

கூரைமீது நின்ற அந்த மனிதருக்கு முன்னே திறந்த வானம் இருந்தது. பின்னே பாதி முடிந்த நூல் இருந்தது. தம் உயிரை மட்டுமே பணயம் வைக்கிறோம் என்றுதான் அவர் எண்ணியிருப்பார். ஆனால் எந்த மனிதனுடைய உயிரும் அவ்வளவு தனியாக இருப்பதில்லை. மாணவன் இருக்கிறான், மனைவி மக்கள் இருக்கிறார்கள், வாங்கிய கடன் இருக்கிறது, முடிக்காத நூல் இருக்கிறது. உயிர் இறைவன் தந்த அமானத் என்று நாம் வழக்கமாகச் சொல்வதில் இவையெல்லாம் அடங்கும். இந்த அளவுக்குப் பெரியவரின் பக்கம் நியாயம் உண்டு.

இனி அவர் எடுத்துக்காட்டிய வசனத்துக்கு வருவோம். அது அல்பகரா அத்தியாயத்தின் 195-ஆம் வசனம். அதற்கு ஒரு வரலாறு உண்டு. திர்மிதீ, அபூதாவூத் ஆகிய தொகுப்புகளில் காணலாம். முஸ்லிம் படை கான்ஸ்தாந்திநோபிள் நகரை முற்றுகையிட்டபோது, வீரர் ஒருவர் தன்னந்தனியாக ரோமர் அணிக்குள் பாய்ந்தார். கண்டவர்கள், இவர் தம்மைத் தாமே அழிவில் போட்டுக்கொள்கிறார் என்று அதே வசனத்தைச் சுட்டிக் கூவினார்கள். படையில் இருந்த முதிய நபித்தோழர் அபூ அய்யூப் அல்அன்சாரீ (ரலி) அவர்கள், மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வந்திறங்கத் தம் இல்லத்தையே தந்தவர்கள், அவர்களைத் திருத்தினார்கள். இந்த வசனம் எங்களைப் பற்றி இறங்கியது. இஸ்லாம் வலுப்பெற்றுவிட்டது, இனி நம் தோட்டத்தையும் சொத்தையும் கவனித்துக்கொண்டு வீட்டோடு இருக்கலாமே என்று அன்சாரிகளாகிய நாங்கள் எண்ணியபோது இறங்கியது. பொருளைச் செலவிடாமல் பேணிக்கொண்டு ஒதுங்கி இருப்பதுதான் அங்கே சொல்லப்பட்ட அழிவு என்ற கருத்துப்பட விளக்கினார்கள்.

இதைப் படித்தபோது நான் சற்றே திகைத்துப் போனேன். திண்ணையில் அமர்ந்து இறந்த ஒருவர் மீது நாங்கள் வீசிய வசனம், திண்ணையில் அமர்ந்திருப்பவர்களைப் பற்றியதா! அறிஞர்கள் அதன் பொருளை விரித்து, வீணாக உயிரைப் போக்குவதையும் அதில் அடக்கியிருக்கிறார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது இறங்கிய சூழலில் முதலில் கைநீட்டிச் சுட்டியது, வசதியோடு ஒதுங்கி நின்றவர்களை.

அதற்காக இளைஞரின் பக்கம் முழுவதுமாகச் சாய்ந்துவிடவும் இயலாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொன்ன நபிமொழியை எல்லோரும் அறிவோம். அதைவிட நம் பொருளுக்கு நெருக்கமான இன்னொன்று அபூதாவூதில் இருக்கிறது: சுற்றுச்சுவர் இல்லாத மாடியில் உறங்குபவர், தமக்குரிய பாதுகாப்பைத் தாமே நீக்கிக்கொண்டவராகிறார் என்பது அதன் கருத்து. மாடியில் உறங்காதே என்று அது தடுக்கவில்லை. கோடை இரவில் மாடிக்காற்று வேண்டும்தான்; ஒரு முழச் சுவரை எழுப்பிக்கொண்டு உறங்கினால் என்ன?

பறத்தலில் அந்த ஒரு முழச் சுவர் எது என்பதைக் காண அமெரிக்கா வரை போக வேண்டும். ரைட் சகோதரர்களும் தாமே விமானம் கட்டிய சைக்கிள் கடைக்காரர்கள்தாம். கல்லூரி வாசலை மிதித்தவர்களல்லர். தமக்கு முன் ஜெர்மனியில் இரண்டாயிரம் முறைக்கு மேல் சறுக்கு விமானத்தில் பறந்து 1896-இல் விழுந்து மடிந்த ஓட்டோ லிலியந்தாலின் கணக்குகளை அவர்கள் படித்தார்கள். எஞ்சினைப் பற்றி எண்ணுமுன், காற்றில் சாயும் பொறியை எப்படி நிமிர்த்துவது என்பதை எண்ணினார்கள். 1900-இல் தங்கள் சறுக்கு விமானத்தைப் பெரும்பாலும் பட்டம்போல் கயிற்றில் விட்டே சோதித்தார்கள். விழுந்தாலும் எலும்பு முறியாதிருக்க மணற்குன்றுகள் நிறைந்த கடற்கரையைத் தேடிப் போனார்கள். இருவரும் ஒருசேரப் பறப்பதில்லை என்று தந்தைக்கு வாக்கும் கொடுத்திருந்தார்கள். ஒருவன் விழுந்தாலும் மற்றவன் இருந்து பணியைத் தொடர வேண்டும் அல்லவா? 1910 மே 25-ஆம் நாள், தந்தையின் இசைவோடு, ஒரே ஒருமுறை சேர்ந்து பறந்தார்கள். புகழின் உச்சியில் இருந்த நடுவயதுப் பிள்ளைகள் கிழத்தந்தையின் அச்சத்துக்கு அவ்வளவு மதிப்புத் தந்தார்கள் என்பது, அவர்கள் பறந்ததைக் காட்டிலும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அத்தகையோர் கையிலும் ஓர் உயிர் போயிற்று. 1908 செப்டம்பர் 17-இல் ஆர்வில் ரைட் படைத்துறையினருக்குப் பறந்து காட்டியபோது, உடன் அமர்ந்திருந்த தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் என்னும் அதிகாரி இறந்தார். எஞ்சின் விமானத்தில் மாண்ட முதல் மனிதர் அவரே. முறிந்த சுழலி, பின்புறச் சுக்கானைப் பிடித்திருந்த கம்பியை அறுத்துவிட்டது. மீண்டும் வால்! தன் உயிரை வைப்பவன் வேறு, பிறர் உயிரைத் தன் கைவேலையில் ஏற்றி வைப்பவன் வேறு என்னும் வேறுபாடு அன்றைக்கே இரத்தத்தால் எழுதப்பட்டது.

இந்த வேறுபாட்டை இன்னும் நுட்பமாகக் காட்டுவது ஜான் டென்வர் என்னும் அமெரிக்கப் பாடகரின் மரணம். 1997 அக்டோபர் 12-ஆம் நாள், கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் அவர் தனியே ஓட்டிச் சென்ற சிறு விமானம் கடலில் வீழ்ந்தது. அது பர்ட் ரூட்டன் என்னும் புகழ்பெற்ற வல்லுநர் வரைந்த 'லாங்-ஈஸி' வகை. வரைபடத்தை வாங்கி வேறொருவர் தம் கையால் கட்டியது. டென்வர் அதை வாங்கிச் சில நாள்கூட ஆகவில்லை. ஒரு தொட்டி வற்றினால் மறு தொட்டிக்கு எரிபொருளை மாற்றும் திருகு, வரைபடத்தின்படி ஓட்டுநரின் கால்களுக்கிடையே எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கட்டியவரோ, எரிபொருள் குழாய் ஆள் அமரும் கூண்டுக்குள் வரலாகாது என்று எண்ணி, அதை ஓட்டுநரின் இடத்தோளுக்குப் பின்னே கொண்டுபோய் வைத்தார். அதைத் திருப்ப வேண்டுமாயின் உடலை முறுக்கித் திரும்ப வேண்டும். திரும்பினால் கால் தன்னையறியாமல் சுக்கான் மிதியை அழுத்திவிடக்கூடும். அவ்வாறே நேர்ந்து விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்தது என்பதே விசாரணை வாரியம் கண்ட முடிவு. புறப்படுமுன் எரிபொருள் நிரப்பட்டுமா என்று பணியாளர் கேட்டதற்கு, ஒரு மணி நேரம்தானே பறக்கப் போகிறேன் என்று டென்வர் வேண்டாமென்றார் என்பதும் அந்த அறிக்கையில் இருக்கிறது.

யார் குற்றவாளி? கட்டியவர் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. தீவிபத்துக்கு அஞ்சி, பாதுகாப்பை நாடியே திருகை இடம் மாற்றினார். தம் தேவைக்கு அது பொருந்தியும் இருந்தது. ஆனால் செய்த பொருள் செய்தவனிடமே என்றும் தங்குவதில்லை, கைமாறுகிறது. அவனுடைய பழக்கம் பொருளோடு சேர்ந்து கைமாறுவதில்லை. நெசவாளர் இதை நன்கு அறிவர். தன் உயரத்துக்கும் தன் கால் வீச்சுக்கும் ஏற்ப மிதியை மாற்றிக் கட்டிய தறியில் வேறொருவர் வந்து இறங்கினால், நாடா எங்கோ போகும், இழை அறும். தறியில் அறுந்த இழையை முடிந்துகொள்ளலாம் என்பதால் அது பெரிதாகத் தெரிவதில்லை.

மருத்துவம் அறிந்தவன் என்று அறியப்படாத ஒருவன் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால், அவனே ஈடு செய்யப் பொறுப்பாவான் என்னும் கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. நல்ல எண்ணம் இருந்தது என்பதால் அங்கே பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. அமெரிக்கச் சட்டமும் ஏறக்குறைய இந்தப் பாதையிலேயே செல்கிறது. பயிற்சிக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒருவர் தாமே விமானம் கட்டலாம், தடையில்லை. ஆனால் முதலில் 25 அல்லது 40 மணி நேரம், ஆள் நெருக்கம் இல்லாத பகுதியில், பயணி எவரையும் ஏற்றாமல் பறந்து சோதிக்க வேண்டுமென்பது அங்கே நெடுநாள் வழக்கம். பயணியின் கண்ணில் படும்படி, இது கைவினையாளர் கட்டியது, வழக்கமான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதன்று என்று எழுதி ஒட்டவும் வேண்டும். உன் உயிரை ஓரளவு உன்னிடம் விடுகிறோம், பிறர் உயிரை விடமாட்டோம் என்பதே அச்சட்டத்தின் உட்பொருள். எனக்கு இது நேர்மையாகவே படுகிறது.

நம் நாட்டில் அந்த வாசல் இவ்வளவு அகலமாக இல்லை. மும்பை கண்டிவலியில் தம் வீட்டு மொட்டைமாடியில் ஆறு பேர் அமரும் விமானம் கட்டிய அமோல் யாதவ், தொழில்முறை விமானி. சட்டமும் தொழிலும் அறிந்தவர். 2016-இல் அதை நாட்டினர் முன் வைத்தார். பதிவு கிடைத்தது 2017-இல். பறந்து பார்க்க இசைவு கிடைத்தது 2019-இல். விமானிக்கே இத்தனை ஆண்டு என்றால், புல்சாவங்கியில் எட்டாம் வகுப்பு வரை படித்த பற்றவைப்புத் தொழிலாளி எந்தக் கதவைத் தட்டுவார்? எந்த மொழியில் மனு எழுதுவார்? ஊரார் அவர் பொறியைப் பார்க்கக் கூடியிருப்பார்கள், புகழ்ந்திருப்பார்கள், படம் எடுத்திருப்பார்கள். இந்த வால் விசிறியின் இரும்பு இந்தச் சுழற்சியைத் தாங்குமா, தலைக்குமேல் சுழலும் விசிறிக்கு நேர்கீழே அமர்ந்தா சோதிப்பது, தூரத்திலிருந்து இயக்கிப் பார்க்கலாகாதா என்று கேட்கத் தெரிந்த ஒருவர் அவருக்குக் கிடைத்திருந்தால்? ஹெலிகாப்டரில் பெரிய விசிறி ஒரு பக்கமாகச் சுழலும்போது உடல் எதிர்ப்பக்கமாகச் சுழல முற்படும். அதைப் பிடித்து நிறுத்துவதே வால் விசிறியின் வேலை. வேகம் கூடக் கூட அந்தச் சிறு விசிறியின் அடிமூட்டில் இழுவிசை பன்மடங்காகும். இது தொழிற்கூடத்தில் அரைமணி நேரப் பாடம்.

கிடைத்தவர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தட்டக்குழையைச் சேர்ந்த சஜி தாமஸ் பிறவியிலேயே செவிப்புலனும் பேச்சும் இல்லாதவர். ஏழாம் வகுப்பு வரை படித்தவர். சிறுவனாக இருந்தபோது ரப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைக் கண்டதிலிருந்து பறக்கும் பொறியே அவர் கனவாயிற்று. ஆண்டுக்கணக்கில் உழைத்து இரண்டு பேர் அமரும் சிறு விமானம் ஒன்றைக் கட்டினார். கட்டி முடித்ததும் தாமே ஏறி அமர்ந்துவிடவில்லை. விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற எஸ்.கே.ஜே. நாயர் என்பவரின் துணை அவருக்குக் கிடைத்தது. பறப்பதே தொழிலாக இருந்த அந்த அதிகாரி பொறியைப் பார்த்து, 2014-ஆம் ஆண்டில் அதைத் தாமே ஓட்டி வானில் எழுப்பி, தரையில் இறக்கியும் காட்டினார். அந்தக் கதையைத் தழுவிப் பின்னர் மலையாளத்தில் 'விமானம்' என்றொரு திரைப்படமும் வந்தது.

தன் வாழ்நாள் உழைப்பின் முதல் பறத்தலை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பதற்கு ஒருவகைத் துணிவு வேண்டும். கூரையிலிருந்து பாயும் துணிவுக்கு அது குறைந்ததன்று என்பது என் கருத்து. நைஸாபூரிலும் புல்சாவங்கியிலும் இல்லாதிருந்தது அதுதான் என்று சொல்ல நா எழுகிறது. ஆனால் புல்சாவங்கியின் இளைஞருக்கு, கொடுப்பதற்கு ஓர் ஆள் இருந்தாரா என்று கேட்டுக்கொள்ளும்போது நா அடங்கிவிடுகிறது. ஓர் ஊரில் எவருமே அறியாதிருந்தால் ஊர் முழுவதும் குற்றத்துக்குள்ளாகும் கல்வியை 'ஃபர்ளு கிஃபாயா' என்று நம் முன்னோர் வகுத்தார்கள். மருத்துவமும் கணிதமும் கைத்தொழில்களும் அதில் அடங்கும் என்று இமாம் கஸ்ஸாலீ எழுதினார். நெசவையும் உழவையும் அவர் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார். நம் ஊர்களில் கல்விக்கென ஒதுக்கும் பணம் பட்டப்படிப்பு நோக்கியே பாய்கிறது. பிள்ளை என்ன செய்கிறான் என்று கேட்டால் 'ஒர்க்ஷாப்பில் இருக்கிறான்' என்பதைச் சற்றுக் குரல் தாழ்த்தியே சொல்கிறோம். அப்படிக் குரல் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளில் ஒருவனுக்கு ஏதேனும் கனவு வந்தால், அதை யாரிடம் போய்ச் சொல்வான்? கைப்பேசியிடம் சொல்வான்.

இந்தக் கருத்துகளை எழுதி முடித்தபின், திண்ணைப் பெரியவரிடம் ஒருநாள் சுருக்கமாகச் சொன்னேன். அபூ அய்யூப் (ரலி) அவர்களின் விளக்கத்தைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். ஆனாலும் தம் கருத்தை அவர் முழுவதுமாக விட்டுவிடவில்லை. சுதந்திர தினத்துக்குக் காட்ட வேண்டும் என்ற அவசரம்தான் அந்தப் பிள்ளையைக் கொன்றது, பாவு காயுமுன் தறியில் ஏற்றியது போல என்றார். அதையும் நான் மறுக்கவில்லை.

பின்பு சஜி தாமஸின் கதையைச் சொன்னேன். விமானம் எழுந்ததும் இறங்கியதும் கேரளத்தில் எந்த இடத்தில் என்று கேட்டார். கேரளத்திலன்று, நம் அம்பாசமுத்திரம் பக்கத்து மணிமுத்தாற்றில்தான் என்றேன். அவர் நம்பவில்லை. தென்காசி போய், அங்கிருந்து அம்பாசமுத்திரம் பஸ் ஏறினால் அதற்கப்பால் சிறிது தூரமே என்று வழியைச் சொன்னேன். "அணைக்கட்டு பாக்க எத்தனையோ தடவ போயிருக்கேனே!" என்றார். மங்கிய கண்களைத் தெற்கே மலைப்பக்கம் திருப்பி, "இம்புட்டுப் பக்கத்துலயா நடந்துச்சு? நம்மள்ல ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சே தம்பி" என்று சொல்லிவிட்டு, தொழுகைக்கு நேரமாயிற்று என்று எழுந்தார்.